பிரிண்டர் சரியாகப் பொருத்தப்பட்டுவிட்டது

பிரிண்டர் வாங்குகிறவர்கள் முதலில் கேபிளைப் பார்த்து வாங்க வேண்டும் சார். முக்கால்வாசிப் பேர் பார்ப்பதில்லை. கடைக்காரன் எதைக் கொடுக்கிறானோ அதை வாங்கி வந்துவிடுவார்கள். கேபிள் மட்டமாக இருந்தால் பாதி எழுத்து வழியிலேயே தொலைந்து போகும். அப்புறம் பிரிண்டர் சரியில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உங்கள் ஸ்டேஷனுக்கும் என்றாவது கம்ப்யூட்டர் வரும். அன்றைக்கு இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். ரைட்டர் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் வேதாசலம். சேலையூர்தான் பூர்வீகம். ஏரிக்குக் கீழே என் அப்பா காலத்தில் நெல் விளைந்த இடமெல்லாம் இப்போது பிளாட் போட்டு வீடாகிவிட்டது. என் பங்குக்கு வந்த மனையில் மாடி வைத்துக் கட்டினேன். கீழே பச்சையம்மா என்ற அம்மாள் வாடகைக்கு இருக்கிறாள். மேலே நானும் என் மனைவி தனமும். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

வேலை கிண்டியில், வால்வு செய்கிற ஒரு கம்பெனியில். எண்பத்தாறில் அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்தபோது பயிற்சிக்கு அனுப்பப்பட்டவன் நான். அந்த அறைக்கு மட்டும்தான் ஏசி. ஜெனரல் மானேஜரே ஷூவைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். சம்பளப் பட்டியல் அச்சாகிற நாளில் பிரிண்டர் நின்றுவிட்டால் மூன்று மாடிக்கும் என் பெயர் கேட்கும். 'வேதாசலம் எங்கே, வேதாசலத்தைக் கூப்பிடு' என்று ஆள் ஓடி வரும். நான் அவசரப்பட மாட்டேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

தொண்ணூற்றாறில் புது சிஸ்டம் வந்தது. அதோடு கழுத்தில் டை கட்டிய பையன்கள் வந்தார்கள். என் அனுபவம் ஸ்டோர்ஸுக்குப் பயன்படும் என்று ஜெனரல் மானேஜர் சொன்னார். ஸ்டோர்ஸ் என்றால் தகர ஷெட், கிரீஸ் நாற்றம். என் சாமான்களை எடுக்கப் போனபோது அந்தப் பையன்களில் ஒருவன் பிரிண்டருக்கு மேலே காபி டம்ளரை வைத்திருந்தான். பத்து வருஷமாக நான் தூசு படாமல் துணி போட்டு மூடி வைத்த பிரிண்டர். அந்த டம்ளரை எடுத்து அவன் மூஞ்சியில் விசிறியிருக்க வேண்டும். சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கோபம் என்பது வைத்துக்கொள்ள வேண்டிய பொருள். கண்ட இடத்தில் கொட்டக் கூடாது.

அந்த வருஷமே வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் வாங்கினேன். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் கிர்ர் கிர்ர் என்று அடிக்குமே, அந்தப் பிரிண்டர். தனத்துக்காக வாங்கியதாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். அவள் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். கல்யாணத்துக்கு முன்னால் தாம்பரத்தில் ஒரு வக்கீலிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அது வேண்டாம் என்று நிறுத்தியது நான்தான். இப்போது காட்டாங்குளத்தூர், பொத்தேரிப் பக்கம் காலேஜ் பிள்ளைகள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். வீட்டிலேயே செய்வதாக இருந்தால் செய் என்று விட்டேன்.

முதன்முதலாக அவள் ஒரு பக்கத்தை அச்சுக்குக் கொடுத்தபோது எழுத்தே வரவில்லை. கட்டம், வட்டம், முக்கோணம், புரியாத பூச்சிகள். ஒவ்வொரு தாளிலும் ஒரு வரி அடித்துவிட்டு அடுத்த தாளுக்கு ஓடியது. பயந்துபோய் ஓடி வந்தாள்.

"ஏங்க, நான் எதையோ கெடுத்துட்டேன் போலருக்கு. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் பேசுகிற பாஷை ஒன்று, பிரிண்டருக்குப் புரிகிற பாஷை இன்னொன்று. நடுவில் நின்று ஒன்றை மற்றதற்குச் சொல்கிற புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அவள் வேறு மாடலின் டிரைவரைப் போட்டிருந்தாள். அதை எடுத்துவிட்டு ஃபிளாப்பியிலிருந்து சரியானதைப் போட்டேன். பிரிண்டர் ஒழுங்காக அடிக்க ஆரம்பித்தது. தனம் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது இல்லை.

"நீங்க மட்டும் இல்லன்னா நான் இன்னாங்க பண்ணியிருப்பேன்?"

அந்தப் பார்வையைத்தான் சார் நான் காப்பாற்ற நினைத்தேன்.

ஆனால் சும்மா விட்டால் பிரிண்டர் கெடுவதில்லை. அதுதான் தொல்லை. வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. பையன்கள் வந்தார்கள், போனார்கள். தனம் பாட்டுக்கு வேலை செய்தாள். நான் ஸ்டோர்ஸிலிருந்து வந்து, சாப்பிட்டு, படுத்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது போர்ட்டை மாற்றி வைத்தேன். எந்த வாசல் வழியாகப் பிரிண்டருக்கு விஷயம் போக வேண்டும் என்கிற இடம் அது. அதை மாற்றிவிட்டால் திரையில் எல்லாம் நன்றாகத் தெரியும், பிரிண்டர் மட்டும் ஊமையாக உட்கார்ந்திருக்கும். மாற்றிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு டிரெயினுக்குப் போனேன்.

பத்து மணிக்கெல்லாம் ஸ்டோர்ஸுக்குப் போன் வந்தது.

"ஏங்க, பிரிண்டர் அசையவே மாட்டேங்குது. பசங்க வந்து உக்காந்துட்டாங்க. இன்னிக்கு சப்மிட் பண்ணணுமாம்."

"பதறாதே. நான் சொல்வதை மட்டும் செய். கன்ட்ரோல் பேனலைத் திற."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஷெட்டில் இருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போனை வைத்ததும், எங்களோடு வேலை செய்யும் குப்புராஜ் கேட்டான்.

"இன்னா சார், வூட்டாண்ட தனியா ஒரு ஆபீஸ் வச்சிக்கினு கீறீங்களா?"

அன்றைக்கு எனக்குச் சோறு ருசித்தது.

அதற்குப் பிறகு அடிக்கடி செய்தேன். ஒரு நாள் போர்ட், ஒரு நாள் கேபிளைக் கொஞ்சம் தளர்த்தி விடுவது, ஒரு நாள் டிரைவரையே அழித்துவிட்டு ஃபிளாப்பியை என் பையில் போட்டுக்கொண்டு போவது. சில நாள் போனில் சொல்லிக் கொடுத்தேன். சில நாள், சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். வீடு திரும்பும்போது மாடிப்படியில் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பார்கள். சட்டையை மாற்றி, முகம் கழுவி, காபி குடித்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் பக்கம் போவேன். தனம் என் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். அவள் தலைமுடி அந்த ஒரு வருஷத்தில் நிறைய நரைத்தது. அது வயதுக்கு வருகிற நரைதான்.

சாமுண்டீஸ்வரி என்று ஒரு லெக்சரர். பொத்தேரியில் தனியாக வீடு எடுத்து இருந்தாள். ஆராய்ச்சிப் படிப்புக்கான தீசிஸை எங்கள் வீட்டில்தான் அடித்தாள். தனமும் அவளும் மாதக்கணக்கில் உட்கார்ந்து திருத்தித் திருத்தி முடித்திருந்தார்கள். சிரிப்புச் சத்தம் தெரு வரைக்கும் கேட்கும். யூனிவர்சிட்டியில் கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள் அச்செடுக்க வருவதாக இருந்தாள். அன்றைக்குக் காலையில் டிரைவரை அழித்தேன்.

தனம் போன் செய்தபடியே இருந்தாள். மீட்டிங் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். ஸ்டோர்ஸில் எனக்கு என்ன மீட்டிங் சார்? சாயங்காலம் தாம்பரத்தில் இறங்கி, மார்க்கெட்டுக்குள் நடந்து, கொத்தமல்லி வாங்கிக்கொண்டு போனேன். அந்தப் பெண் அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் சரிசெய்தேன். ஆனால் அவ்வளவு பக்கம் அந்தப் பிரிண்டரில் அடிக்க மறுநாள் மத்தியானம் வரை ஆனது. பைண்டிங் கடையில் இன்னும் தாமதம். அவளுக்கு அந்தத் தவணை போய்விட்டது.

தீசிஸ் தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவள் என்னிடம் கேட்டாள்.

"சார், டிரைவர் தானா அழிஞ்சிடுமா?"

"சில சமயம் அழியும் மேடம். கரன்ட் அடிக்கடி போய் வருது இல்லையா."

"எங்க லேப்லயும்தான் கரன்ட் போகுது" என்றாள். அவ்வளவுதான். ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது தனத்தின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வர ஆரம்பித்தாள். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். டைப் அடிக்கிற சத்தம் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் புரிந்தது, டிரைவரைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலேஜிலிருந்து சிடி கொண்டுவந்திருந்தாள். என் ஃபிளாப்பிக்கு அவசியமே இல்லாமல் போனது.

அடுத்த வாரம் போர்ட்டை மாற்றிவிட்டுப் போனேன். போன் வரவில்லை. மத்தியானம் வரை பார்த்தேன். நானே வீட்டுக்கு அடித்தேன்.

"பிரிண்டர் ஓடுதா?"

"ஓடுதேங்க. ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

ராத்திரி சாப்பாடு போடும்போது அவளாகவே சொன்னாள். "காலைல போர்ட் மாறிப் போயிருந்துச்சு. நானே மாத்திக்கினேன்." சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன் சார். கோபப்பட்டிருந்தால், சண்டை போட்டிருந்தால், ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சாம்பார் ஊற்றிக்கொண்டே சொல்கிற விஷயமா அது?

பிறகு தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள். வேலை முடிந்து வந்தேன். டாட் மேட்ரிக்ஸ் பக்கத்தில் புதிதாக ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் இருந்தது. சாமுண்டீஸ்வரியோடு ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கியிருக்கிறாள். அவள் சம்பாத்தியம். என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக ஒரு தாளை என் முன்னால் நீட்டினாள்.

"பாருங்களேன். நானே பிரிச்சு, நானே கேபிள் போட்டு, நானே டிரைவர் போட்டேன். சாமுண்டி தொடவே இல்ல. வாழ்த்து வேற சொல்லுது."

டெஸ்ட் பேஜ் அது. புதுப் பிரிண்டர் போட்டால் சோதனைக்காக வருகிற பக்கம். இங்கிலீஷில் முதல் வரியே வாழ்த்துகள் என்றிருக்கும். இதை உங்களால் படிக்க முடிகிறது என்றால் பிரிண்டர் சரியாகப் பொருத்தப்பட்டுவிட்டது என்று அடுத்து வரும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

"அத குடுங்க. சும்மா வச்சிக்கலாம்னு..."

"தாளை வேஸ்ட் பண்ணாதே" என்றேன்.

மறுநாள் விடியற்காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டது. என் வீட்டில், நான் வாங்கிய கம்ப்யூட்டர். அடுக்களைக்குப் போய்க் கேட்டேன். அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"பசங்க ஃபைல் எல்லாம் இருக்குங்க. யாரும் தெரியாம மாத்திடக் கூடாதுன்னுதான்."

"யாரும்னா யாரு?"

பால் பொங்கி வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். "யாரும்தான்" என்றாள்.

அவளுக்கு எப்போதிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை ஆரம்பத்திலிருந்தே. அப்படியானால் அந்தப் போன்களில் எல்லாம், 'ஏங்க, ஏங்க' என்று கெஞ்சினபோதெல்லாம், அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள்? அதை நினைத்தால்தான் சார் உடம்பெல்லாம் எரிகிறது. ஜெனரல் மானேஜராவது முகத்துக்கு நேரே சொன்னான்.

கம்ப்யூட்டருக்குள் எனக்கு இடம் இல்லை என்று ஆகிவிட்டது. சுவர் மட்டும் என்னுடையது.

போன மழைக்காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முடிச்சூர்ப் பக்கமெல்லாம் முழங்கால் தண்ணீர். எங்கள் வீட்டுச் சுவரிலும் ஓதம் ஏறியிருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கிறது என்று தனம் ஒருநாள் சொன்னாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி.

"எலக்ட்ரீசியன கூப்பிடட்டுமாங்க?"

"எதுக்கு? நான் பார்க்கிறேன்."

பார்த்தேன். சுவரில் இருக்கும் பிளக் பெட்டிக்குள் எர்த் ஒயர் விட்டுப்போயிருந்தது. திருகி விட்டிருந்தால் முடிந்தது. நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் பிளக் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எந்த ஒயர் எங்கே இருக்கக் கூடாதோ அங்கே அதை வைத்து மூடினேன். உங்கள் எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் பார்த்து எழுதியிருப்பார். அதில் தப்பு இருக்காது.

சின்னதாக ஒரு உதறல். கையை உதறிக்கொண்டு 'ஏங்க' என்று ஓடி வர வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன் என்று முதலில் உங்களிடம் சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் மூடிய பிறகு டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். நன்றாக எரிந்தது. பன்னிரண்டு வருஷம் மிஷினோடு இருந்தவனுக்கு அது என்ன என்று தெரியாது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அவள் காலுக்கு அடியில் போட்டிருந்த ரப்பர் மேட்டை எடுத்துக் கழுவி மொட்டை மாடிக்குப் போகிற படியில் காயப் போட்டேன். மழைக்காலத்தில் என்ன காயும்? அவள் வழக்கம்போல் தரையைத் துடைத்துவிட்டு வந்தாள். ஈரம் அப்படியே இருந்தது.

"எர்த்தைச் சரி பண்ணிட்டேன். பிரிண்டர் கேபிள் பின்னால் லூசா இருக்கு, நல்லா அழுத்திட்டு ஆரம்பி" என்றேன்.

"சரிங்க" என்றாள். அப்புறம், "தேங்க்ஸ்" என்றாள். அந்த வார்த்தையை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

நான் கூடத்துக்கு வந்தேன். மெயின் ஸ்விட்ச் கூடத்தில், அந்த அறை வாசலுக்கு நேர் எதிரில் இருக்கிறது. அவள் இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பெட்டிக்குப் பின்னால் விட்டாள்.

சத்தம் ஒன்றும் பெரிதாக வரவில்லை. பற்கள் கிட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. கை விடவில்லை. விட முடியாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அப்போதுதான் பார்த்தேன். தலை மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்தாள். என் கை மெயின் ஸ்விட்ச் மேல் இருந்தது. அதையும் பார்த்தாள்.

அவள் கூப்பிடட்டும் என்று நின்றேன். வாய் திறக்க முடியாதவள் எப்படிக் கூப்பிடுவாள் என்று நீங்கள் கேட்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. கருகுகிற வாசனை வந்த பிறகுதான் அணைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். பச்சையம்மா ஆட்டோ பிடித்து வந்தாள். வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். மீதி இரண்டும் மடங்கவில்லை. இடது கை பிழைத்தது, ஆனால் தோளிலிருந்து நடுக்கம், வெகு நாளைக்கு ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாது என்றார்கள். மழைக்கால விபத்து என்று டாக்டர் எழுதிக்கொண்டார். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேசவே இல்லை.

அதற்கப்புறம் நான் அவளைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். தெருவில் விசாரித்துப் பாருங்கள். லீவு போட்டேன். குளிப்பாட்டினேன், தலை பின்னினேன், ரவிக்கை ஹூக் மாட்டினேன், ஊட்டிவிட்டேன். பச்சையம்மா எல்லோரிடமும் சொன்னாள்.

"குயந்த கணக்கா பாத்துக்கினு கீறாரு. இந்த மாதிரி புருசன் யாருக்கும்மா கெடைக்கும்?"

கேட்கும்போது தனம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

பையன்கள் ஃபைலுக்காக வந்து நின்றார்கள். நானே முடித்துக் கொடுக்கலாம் என்று வேறு பிளக்கில் மாட்டிக் கம்ப்யூட்டரைப் போட்டால் பாஸ்வேர்டு. கேட்டேன். சொல்லவில்லை. உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பாஸ்வேர்டு போய்விடும். அது எனக்குத் தெரியாதா? ஆனால் எனக்கு அது அவள் வாயிலிருந்து வர வேண்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கவளத்தை எடுத்துக் காட்டி, "சொல்லு, தரேன்" என்பேன். அவள் வாயை மூடிக்கொள்வாள். நான் கவளத்தைத் தட்டில் வைத்துவிடுவேன். பசி எடுத்தால் யாரும் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். சில நாள் தட்டு அப்படியே அடுக்களைக்குத் திரும்பிப் போகும். மறுநாளும் அன்பாகத்தான் கேட்பேன். குரலை உயர்த்தியதே இல்லை. பச்சையம்மா கீழே இருக்கிறாள், கேட்டுப் பாருங்கள். ஒரு சத்தம்கூட வந்திருக்காது.

லீவு தீர்ந்து வேலைக்குப் போக வேண்டியிருந்தது. சாவியைப் பச்சையம்மாவிடம் கொடுத்து, யாரையும் மேலே விடாதே, அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன். சாமுண்டீஸ்வரி வந்திருக்கிறாள். பச்சையம்மா திறந்துவிட்டிருக்கிறாள். ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, "அந்தம்மா அய்துச்சு சார், மனசு கேக்கல" என்றாள். தனம் எலும்பும் தோலுமாக இருந்ததைப் பார்த்து இரண்டு பேரும் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். வீடு திரும்பினேன். கட்டில் காலி. கம்ப்யூட்டர் மேஜையில் பெட்டியும் டாட் மேட்ரிக்ஸும் இருந்தன. இங்க்ஜெட்டை மட்டும் காணோம்.

நான்கு தடவை பொத்தேரிக்குப் போனேன். சாமுண்டீஸ்வரி கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தனத்தைக் கூப்பிட்டேன். "மருந்து யார் போடுகிறார்கள்? தலை யார் பின்னுகிறார்கள்?" என்று கேட்டேன். உள்ளே விளக்கு அணைந்தது. என்னைவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். நேற்று உங்கள் ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். வந்துவிட்டேன். எதையும் மறைக்கவில்லை.

கேட்டதை எல்லாம் சொன்னேன். இப்போது நான் ஒன்று கேட்கலாமா? உட்கார்ந்ததிலிருந்து உங்கள் கையில் இருக்கும் அந்தக் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனத்தின் புகார் மனுதானே? இப்படிக் கொஞ்சம் திருப்புங்கள். தொட மாட்டேன்.

நன்றாக வந்திருக்கிறது. மார்ஜின் சரியாக இருக்கிறது. தமிழ் எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. தமிழ் ஃபான்ட் இங்க்ஜெட்டில் இவ்வளவு சுத்தமாக வருவது சுலபம் இல்லை சார். வேறு கம்ப்யூட்டரில் புதிதாக டிரைவர் போட்டு எடுத்திருக்க வேண்டும். லெக்சரர் போட்டுக் கொடுத்திருப்பாள்.

நீங்கள் விரலை வைத்துக் காட்டுகிற அந்த வரியைப் படித்தேன். 'எனக்கு வலது கை பயன்படாததால் இந்த மனுவை இடது கையால் நானே அடித்து, நானே பிரிண்டரைப் பொருத்தி, யார் உதவியும் இல்லாமல் அச்செடுத்தேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.'

இல்லை சார். நடுங்குகிற ஒரு கையை வைத்துக்கொண்டு அவளால் அது முடியாது. மின்சாரத்தைப் பற்றி எழுதியிருப்பது உண்மை. மெயின் ஸ்விட்ச் உண்மை. சோறு உண்மை. எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வரி மட்டும் பொய். ரைட்டரிடம் சொல்லி அதை ஒரு கோடு போட்டு அடித்துவிடச் சொல்லுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.